விரல் தயங்கும் இடம்

கானாடுகாத்தானில் ஒரு பழைய வீட்டின் முகப்பில் அமர்ந்து கைபேசித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த ஆச்சி ஒருவர், "இதுக்கு வரி வேற கட்டணுமா ஆத்தா?" என்று என்னிடம் கேட்டார். காரைக்குடியில் பலகாரம் செய்து விற்கும் ஒரு குடும்பத்துக்காக நாங்கள் உருவாக்கிக்கொண்டிருந்த இணையதளத்தில், முகவரி எழுதும் பகுதிக்கு அவர் வந்திருந்தார். அங்கே "வரி 1", "வரி 2" என்று இரண்டு கட்டங்கள் இருந்தன. எழுத்து வரிசை என்ற பொருளில் நாங்கள் இட்டிருந்த சொல்லை, சற்று முன்புதான் விலையைக் கூட்டிப் பார்த்துவிட்டு வந்த அவர், அரசுக்குச் செலுத்தும் வரி என்று படித்தார். பல வாரங்கள் அந்தப் பக்கத்தைத் தினமும் பார்த்த எங்கள் மூவருக்கும் அந்த இரண்டாவது பொருள் ஒருமுறைகூடத் தோன்றியதில்லை.

இப்படிப்பட்ட இடங்களைக் கண்டுபிடிப்பதற்கான முறைக்குப் பயன்படுதன்மைச் சோதனை என்று பெயர். ஐஎஸ்ஓ 9241-11 என்ற பன்னாட்டுத் தரநிலை, குறிப்பிட்ட மக்கள் குறிப்பிட்ட சூழலில் தாம் எண்ணிய காரியத்தை எவ்வளவு முழுமையாக, எவ்வளவு குறைந்த உழைப்பில், எவ்வளவு மனநிறைவோடு முடிக்கிறார்கள் என்பதையே பயன்படுதன்மை என்று வரையறுக்கிறது. இந்த வரையறையின்படி, ஓர் இணையதளத்தைத் தனியே வைத்து "எளிமையானது" என்று சொல்ல இயலாது. யாருக்கு, எங்கே, எதற்காக என்ற மூன்றும் சேர்ந்தால்தான் அந்தச் சொல்லுக்குப் பொருள் உண்டு. ஆகவே சோதனைக்கு அந்தத் தளத்தை இதற்கு முன் பார்த்திராத ஒருவர் வேண்டும்.

உருவாக்கியவர்களே ஏன் சோதித்துக்கொள்ள முடியாது என்பதற்கு, 1990இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் செய்த ஆய்வு தெளிவான விடை தருகிறது. ஒருவர் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பாட்டின் தாளத்தை மேசையில் விரலால் தட்ட, எதிரில் இருப்பவர் அது எந்தப் பாட்டு என்று சொல்ல வேண்டும். ஏறக்குறைய பாதிப் பாட்டுகளைக் கேட்பவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தட்டியவர்கள் எண்ணினார்கள். தட்டப்பட்ட 120 பாட்டுகளில் சரியாகச் சொல்லப்பட்டவை 3 மட்டுமே. தட்டுபவரின் மனத்துக்குள் பாட்டு முழுவதும் ஒலிக்கிறது, கேட்பவருக்கோ வெறும் தட்டல்தான் கிடைக்கிறது. ஒன்றை அறிந்துகொண்ட மனம், அதை அறியாதிருந்த நிலைக்குத் திரும்பிப் போய்ப் பார்க்க இயலாது என்பதே இதன் சாரம். தளத்தை வடிவமைத்தவர்கள் தட்டுபவர்களின் நிலையில் இருக்கிறார்கள்.

சோதனையில் பங்கேற்பவரிடம் ஒரு காரியத்தைக் கொடுத்து, மனத்தில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யும்படி கேட்டுக்கொள்வார்கள். உளவியலில் இந்த முறைக்கு ஆண்டர்ஸ் எரிக்சனும் ஹெர்பர்ட் சைமனும் 1980இல் வலுவான அடிப்படை அமைத்தார்கள். ஐபிஎம் நிறுவனத்தின் கிளேட்டன் லூயிஸ் 1982இல் அதைக் கணினித் திரைகளைச் சோதிப்பதற்குக் கொண்டுவந்தார். அந்த நேரத்தில் மனத்தில் இருப்பதை அப்படியே சொல்லச் செய்தால் சிந்தனையின் போக்கு பெரிதாக மாறுவதில்லை என்றும், காரணத்தை விளக்கச் சொன்னால் மாறிவிடுகிறது என்றும் எரிக்சனும் சைமனும் பிரித்துக் காட்டினார்கள். ஆகவே "ஏன் அதை அழுத்தினீர்கள்?" என்ற கேள்வியைச் சோதனையின் நடுவில் தவிர்க்க வேண்டும். கேட்டால், அந்த நொடியில் புதிதாகப் புனைந்த ஒரு நியாயமே பெரும்பாலும் விடையாக வரும்.

வாய்விட்டு நினைப்பது யாருக்கும் உடனே கைவராது என்பதால் முதலில் ஒரு பயிற்சிக் கேள்வி கொடுப்பது வழக்கம். எரிக்சனும் சைமனும் பயன்படுத்திய கேள்வி, "உங்கள் பெற்றோர் வீட்டில் எத்தனை ஜன்னல்கள் உள்ளன?" என்பது. செட்டிநாட்டில் பிறந்த ஒருவரிடம் அதைக் கேட்பது இன்பமான அனுபவம். ஆச்சி கண்ணை மூடிக்கொண்டு முகப்பிலிருந்து தொடங்கினார். நடுமுற்றமான வளவைச் சுற்றியிருக்கும் அறைகளை ஒவ்வொன்றாக எண்ணி, இரண்டாம் கட்டுக்குள் நுழைந்து, மாடிக்கு ஏறுவதற்கு முன்பே எண்ணிக்கையைத் தவறவிட்டு, மறுபடியும் முகப்புக்கே வந்தார். மனத்துக்குள் நடந்து பார்ப்பதை உரக்கச் சொல்வது எப்படி என்பது அதற்குள் அவருக்குப் பழகிவிட்டது.

காரியத்தை எடுத்துச் சொல்லும் விதத்திலும் கவனம் வேண்டும். திரையில் மணகோலம் என்ற பலகாரத்துக்கு "கூடையில் சேர்" என்று ஒரு பொத்தான் இருக்கும்போது, "மணகோலத்தைக் கூடையில் சேருங்கள்" என்று சொன்னால், அவர் அந்தச் சொல்லைத் தேடி அழுத்திவிடுவார். சோதனையில் தெரியவருவது எழுத்துக்கூட்டும் திறன் மட்டுமே. நாங்கள் சொன்னது இது: "சென்னையில் இருக்கும் மகளுக்குத் தீபாவளிக்கு முன்பே ஒரு கிலோ மணகோலம் போய்ச் சேர வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்."

அதன்பின் நடத்துபவரின் வேலை பெரும்பாலும் பேசாமல் இருப்பது. வரியைப் பற்றி ஆச்சி கேட்டபோது, "இல்லை ஆச்சி, முகவரியை அங்கே எழுதணும்" என்று சொல்லிவிட எனக்கு நாக்கு துடித்தது. சொல்லியிருந்தால் அவர் அடுத்த கட்டத்துக்குப் போயிருப்பார். வீட்டில் தனியே இருந்து பலகாரம் வாங்க முயலும் இன்னொருவருக்கு அந்த உதவி கிடைக்காது. "உங்களுக்கு என்ன தோணுது ஆச்சி?" என்று மட்டும் கேட்டேன். பெரியவர் ஒரு கேள்வி கேட்கும்போது பதிலுக்குக் கேள்வி கேட்பது எங்கள் பக்கத்தில் மரியாதை ஆகாது. அதனால், "நடுவில் நான் பதில் சொல்லாமல் இருந்தால் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், சோதிப்பது எங்கள் வேலையைத்தான், உங்களை அல்ல" என்று தொடக்கத்திலேயே சொல்லியிருந்தேன். இந்த ஒரு வாக்கியத்தை விட்டுவிட்டால், தவறு தம்முடையது என்று எண்ணி மக்கள் கூச்சப்பட்டு நிறுத்திக்கொள்கிறார்கள்.

சொல்லில் வராத தடங்கல்களும் உண்டு. "கூடையில் சேர்" பொத்தானை ஆச்சி ஒருமுறை அழுத்தினார், காத்திருந்தார், மறுபடி அழுத்தினார், மூன்றாம் முறையும் அழுத்தினார். ஒவ்வொரு முறையும் திரையின் மேல்மூலையில் ஓர் எண் கூடிக்கொண்டே போனது. அவர் அதைக் காணவில்லை. இதில் அவருடைய வயதுக்கோ படிப்புக்கோ தொடர்பில்லை. விழித்திரையின் மையக்குழி மட்டுமே நுட்பமாகப் பார்க்கிறது. அது காட்டும் பரப்பு ஏறக்குறைய 2 பாகை, அதாவது கையை நீட்டிக் கட்டைவிரலை நிமிர்த்தினால் அந்த விரலின் அகலம். கண் கீழே பொத்தானில் இருக்கும்போது, மேல்மூலையில் இருக்கும் சிறிய எழுத்து அந்தப் பரப்புக்கு வெளியே விழுகிறது. கவனம் செல்லாத இடத்தில் நிகழும் மாற்றம் பெரிதாக இருந்தாலும் எளிதில் தப்பிவிடும் என்பதை ரொனால்டு ரென்சிங்க் முதலானோர் 1997இல் சோதனைகளால் காட்டியிருக்கிறார்கள். அழுத்தியதன் விளைவு அழுத்திய இடத்திலேயே தெரிய வேண்டும் என்ற விதியின் அடிப்படை இதுதான். மூன்று கிலோ மணகோலம் சேர்ந்திருந்தது ஆச்சிக்குத் தெரிந்தது, தொகையைப் பார்த்தபோதுதான்.

இவ்வளவும் நடந்த பிறகு, எப்படி இருந்தது என்று கேட்டோம். "ரொம்ப நல்லா செஞ்சிருக்கீக" என்றார். அது பொய்யல்ல, தம் வீட்டுக்கு வந்து, காப்பி குடித்து, எதிரில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளின் உழைப்பைக் குறை சொல்ல அவர் மனம் இடங்கொடுக்கவில்லை. இந்தியர்களிடம் காணப்படும் இந்தத் தயக்கத்தைக் கடக்க, வடிவமைப்பாளர் அபாலா லாஹிரி சாவன் ஒரு வழியை வகுத்தார். பயணச் சீட்டு பதிவு செய்யும் தளத்தைச் சோதிக்கும்போது, மணமாகப்போகும் உறவுப்பெண்ணின் மாப்பிள்ளை கொடியவன் என்று இப்போதுதான் தெரியவந்தது, உடனே புறப்பட்டுப் போய்த் தடுக்க வேண்டும் என்று ஒரு திரைப்படக் கதையையே சூழ்நிலையாகக் கொடுத்தார். அந்த அவசரத்தில் மூழ்கியவர்கள் தளத்தின் குறைகளைத் தயங்காமல் சொன்னார்கள். எங்களிடம் அப்படிப்பட்ட கதை இல்லை. ஆகவே அவருடைய சொல்லைக் காட்டிலும், விரல் தயங்கிய இடங்களையே குறித்துக்கொண்டோம்.

எத்தனை பேரைக் கொண்டு சோதிப்பது என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஜேக்கப் நீல்சனும் தாமஸ் லாண்டவரும் 1993இல் வெளியிட்ட கணக்கில், சராசரியாக ஒருவர் 31 சதவீதச் சிக்கல்களை வெளிக்கொணர்கிறார். அடுத்தவர் காண்பவற்றில் பல முன்பே கண்டவையாக இருப்பதால், இருவருக்கு 52, மூவருக்கு 67, ஐவருக்கு ஏறக்குறைய 84 சதவீதம் என்று பயன் படிப்படியாகத் தேய்கிறது. ஜாரெட் ஸ்பூலும் வில் ஷ்ரோடரும் பெரிய விற்பனைத் தளங்களைச் சோதித்து, முதல் ஐவர் கண்டது 35 சதவீதம் மட்டுமே என்று 2001இல் மறுத்தார்கள். ஒரே தளத்தில் மக்கள் வெவ்வேறு வழிகளில் செல்லும்போது 31 என்ற அந்தச் சராசரி குறைந்துவிடுகிறது. எங்களுடையதைப் போன்ற சிறிய தளத்துக்குப் பதினைந்து பேரை ஒரே மூச்சில் உட்கார வைப்பதைவிட, ஐந்து ஐந்து பேராக மூன்று முறை, இடையிடையே திருத்திக்கொண்டு சோதிப்பதே நல்லது என்பது என் கருத்து.

"வரி 1" என்பதை "வீட்டு எண், தெரு" என்று மாற்றினோம். பொத்தானை அழுத்தினால் அதுவே "1 கிலோ சேர்ந்தது" என்று மாறும்படி செய்தோம். திருத்தியதை அதே ஆச்சியிடம் காட்டிப் பயனில்லை. எங்கே என்ன இருக்கிறது என்று இப்போது அவருக்கும் தெரியும். பள்ளத்தூரில் வேறொருவரிடம் போனோம். பொத்தானை அவர் ஒரே முறைதான் அழுத்தினார், முகவரிக் கட்டங்களையும் நிற்காமல் நிரப்பினார். பின்கோடு என்ற கட்டத்துக்கு வந்ததும் அவர் விரல் நின்றது. "என் பின்கோடா, மகளோட பின்கோடா?" என்று தமக்குள் கேட்டுக்கொண்டார். அனுப்புபவர் ஒருவர், பெறுபவர் வேறொருவர் என்பதை அந்தப் பக்கம் எங்குமே சொல்லவில்லை.