எமரித் தாளைக் கீழே வையுங்கள்: பரண் மேல் டபுள் ரைஃபிளும் லண்டன் விலையும்

"சார், தாத்தா காலத்து இங்கிலீஷ் துப்பாக்கி. லண்டன் ஏலத்துல லட்சக்கணக்குல போகுதாமே! எமரி போட்டுப் பளபளன்னு ஆக்கிட்டேன்." பென்னாகரம், அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை என்று ஊர்தான் மாறுகிறது, பேச்சு மாறுவதில்லை. கடைசி வாக்கியத்தில்தான் வயிறு எரிகிறது.

மிட்டாதார் வீட்டுப் பரணில் இருப்பது பெரும்பாலும் டபுள் ரைஃபிளே (இரட்டைக் குழல் ரைஃபிள்) இல்லை, சிறு ரவைகளைத் தெறிக்கும் 12 போர் ஷாட்கன். மடக்கித் திறந்து, தோட்டா இல்லையென்று உறுதி செய்துகொண்டு, பின்பக்கமிருந்து குழலைப் பாருங்கள். சுருளாக வரி ஓடினால்தான் ரைஃபிள். ஹாலண்ட், வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் போன்ற இங்கிலீஷ் தயாரிப்பாளர் பெயர் ரைஃபிள், ஷாட்கன் இரண்டிலும் இருக்கும்.

ரைஃபிளே என்றாலும், அதன் விலை தோட்டாவின் பின்னால்தான் போகும். 1960-களில் இங்கிலீஷ் தோட்டாக் கம்பெனி கைனாக் பெரிய தோட்டாக்களை நிறுத்தியதும், நைட்ரோ எக்ஸ்பிரஸ் எனப்படும் புகையில்லா மருந்து ரைஃபிள்களுக்கு மவுசு போனது. பிறகு கைனாம்கோ, ஹார்னடி கம்பெனிகள் அந்தத் தோட்டாக்களைப் போட ஆரம்பித்ததும் .470, .450/400 அளவு ரைஃபிள்கள் மறுபடி விலை ஏறின. அதற்கு முந்தைய, புகை கக்கும் கரிமருந்துக் காலத்தவை விலையில் இன்னும் கீழேதான். லண்டன் சைட்லாக் (சுடும் இயக்கம் பக்கத் தகடுகளில் இருப்பது) தனி ரகம். புது ஹாலண்ட் லட்சம் பவுண்டைத் தாண்டும். ஆனால் ஜெர்மன் மெர்க்கல், க்ரீகாஃப் புதிதாகவே அதில் ஒரு பங்கு விலைக்குக் கிடைக்கும்போது, அடிபட்ட பழைய பாக்ஸ்லாக்கை (இயக்கம் நடுப்பெட்டிக்குள் இருக்கும் எளிய ரகம்) யார் தேடுவார்கள்?

அதுவும் அங்கே. இங்கே வேட்டை 1972-லேயே முடிந்துவிட்டது. 1980-களிலிருந்து சாதாரண உரிமதாரருக்கு இறக்குமதியும் இல்லை. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவருக்கு இரண்டே துப்பாக்கி. அதில் ஒன்றை, தோட்டா கிடைக்காத யானைத் துப்பாக்கிக்கு எவரும் கொடுப்பதில்லை. பழைய .32 வெப்ளி ரிவால்வருக்கு இதைவிடப் போட்டி அதிகம். வெளிநாட்டுக்கு அனுப்பவும் தனி உரிமம் வேண்டும். லண்டன் விலையைச் சொல்லி என்னிடம் பேரம் பேசாதீர்கள்.

எமரி விஷயத்துக்கு வருகிறேன். தேய்த்ததும் போவது துரு மட்டுமில்லை. செதுக்கு வேலை, பழைய நிறம், குழலடியில் உள்ள சோதனை முத்திரை எல்லாம் போகும். 'நைட்ரோ புரூவ்டு' (புகையில்லா மருந்துக்குச் சோதித்தது) முத்திரை தேய்ந்துபோனால், எந்த மருந்து தாங்கும் என்றே தெரியாது. கரிமருந்துக் குழலில் நைட்ரோ தோட்டா வெடித்தால் கை போகும். "ஒன்று போட்டுப் பார்க்கலாமே" என்று யார் சொன்னாலும் வேண்டாம்.

வாங்குகிறவர் குழல்களைக் கழற்றித் தொங்கவிட்டு விரலால் தட்டுவார். மணி போல ஒலித்தால் சரி. மந்தமாக ஒலித்தால் இரு குழல்களை இணைக்கும் பட்டையின் ஈயப்பற்று விட்டிருக்கிறது. எண்ணெயும் அளவாகப் போடுங்கள். நிமிர்த்தி வைத்தால் அது கட்டையின் தலைக்குள் இறங்கி மரத்தை இளக்கிவிடும். குழல் வாய் கீழே இருக்கட்டும்.

உரிமதாரர் இறந்திருந்தால் விலை பேசுவது பிறகு. துப்பாக்கியை உடனே காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற டீலரிடமோ ஒப்படையுங்கள். பிறகு கலெக்டர் அலுவலகத்தில் வாரிசு மனு. மறைத்து வைத்தால் வழக்குதான். பின்னாளில் தனியாருக்கு விற்பதென்றால் 45 நாள் முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். ஒப்படைப்பு ரசீதில் தயாரிப்பாளர் பெயரும் துப்பாக்கி எண்ணும் ஏறியிருக்கிறதா என்று, தயவுசெய்து, அங்கேயே நின்று சரிபார்த்து வாங்குங்கள்.