கனடாச் சித்தப்பா யாழ்ப்பாணத்தில் தொழில் தொடங்கினால் அரசு என்ன தரும்?

கோயில் திருவிழாவுக்கு வரும் வெளிநாட்டுச் சொந்தக்காரர் எல்லாரும் கேட்பது இதுதான்: "இங்க ஒரு ஃபக்டரி போட்டா கவர்மென்ட் என்ன தரும்?"

போக வேண்டிய இடம் இலங்கை முதலீட்டுச் சபை (BOI), வெளிநாட்டு முதலீட்டுக்கு அனுமதி தரும் அரச அமைப்பு. 1978இல் பாரிய கொழும்பு பொருளாதார ஆணைக்குழுவாகத் தொடங்கி, 1992இல் இன்றைய பெயருக்கு மாறியது. அதன் சட்டத்தில் இரண்டு பிரிவுகளைத் தெரிந்துகொண்டால் போதும். 16ஆம் பிரிவு வெறும் அனுமதி, நாட்டின் சாதாரணச் சட்டமும் வரியும்தான் உங்களுக்கும். 17ஆம் பிரிவில் சபை உங்களோடு ஒப்பந்தம் எழுதும், சுங்கம் போன்ற சலுகைகள் அதற்குள் வரும். அடகுக் கடை, கரையோர மீன்பிடி இதெல்லாம் வெளிநாட்டவருக்கு இல்லை.

வடக்குக்கென்று தனியாக ஒன்று இருக்கிறது. 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம், இயந்திரம் கட்டடம் போன்றவற்றில் 30 இலட்சம் அமெரிக்க டொலருக்கு மேல் 10 கோடி டொலர் வரை போடுபவருக்கு மற்ற மாகாணங்களில் 100 வீதமும் வடமாகாணத்தில் 200 வீதமும் மூலதனக் கழிவு தருகிறது, அதாவது நீங்கள் 100 ரூபா போட்டால் வரி கணக்கிடும்போது இலாபத்திலிருந்து 200 ரூபாவைக் கழிக்கலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கையில் காசாக எதுவும் வராது, இலாபம் வந்தால்தான் கழிக்கவே முடியும், அப்புறம் டொரன்டோவில் வீட்டை விற்று வருகிறவருக்கு 30 இலட்சம் டொலர் எட்டுமா?

அவருக்கு உண்மையான சிக்கல் காணியில்தான். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டவரோ, வெளிநாட்டுப் பங்கு 50 வீதமோ அதற்கு மேலோ உள்ள கொம்பனியோ இங்கே காணி வாங்க முடியாது, குத்தகைக்கு எடுக்கலாம், அதுவும் கூடியது 99 வருடம். பிறந்தது சுன்னாகமாக இருந்தாலும் கனடாக் குடியுரிமை எடுத்தவர் சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டவர்தான். பெற்றோரின் காணி முதுசமாக வந்தால் பரவாயில்லை, அதற்கு விலக்கு உண்டு. இரட்டைக் குடியுரிமை எடுத்தவருக்கும் இந்தத் தடை இல்லை, ஆகவே காணி பார்க்கத் தரகரைப் பிடிக்கும் முன் அந்த விண்ணப்பத்தைப் போடுங்கள் என்பேன்.

வரிச்சலுகை, முதலீட்டுச் சபை எல்லாம் கொழும்பின் கையில். வடமாகாண சபையிடம் போய்ப் பலனில்லை, அதன் காலமும் 2018 ஒக்டோபரில் முடிந்துபோனது.

இன்னொன்று, காசு வரும் வழி. வங்கியில் உள்முக முதலீட்டுக் கணக்கு ஒன்றைத் திறந்து அதனூடாகக் கொண்டுவாருங்கள். இலாபத்தையோ, தொழிலை விற்ற காசையோ நாளைக்குத் திருப்பிக் கொண்டுபோகும் வழியும் அதுதான். உண்டியலில், அதாவது வங்கிக்கு வெளியே ஆள் மூலம், அனுப்பிய காசுக்கு அந்தக் கணக்கில் ஒரு பதிவுகூட இராது.