மண் இங்கேயே இருக்கட்டும்

இலங்கைப் பல்கலைக்கழகம் ஒன்றோடு சேர்ந்து ஆய்வு செய்யப்போகிறோம் என்று யாராவது வந்து சொன்னால், நீலகிரியில் மண் பரிசோதனை வேலையில் இருக்கும் நான் முதலில் கேட்பது இதுதான்: மண்ணை எங்கே வைத்துச் சோதிக்கப்போகிறீர்கள்?

"அங்கே நல்ல கருவி இருக்கு சார், ஒரு கிலோ எடுத்துட்டுப் போனா போதும்" என்று பதில் வரும். அந்த ஒரு கிலோவில்தான் சிக்கலே ஆரம்பிக்கிறது.

உருளைக்கிழங்கைத் தாக்கும் முட்டைக்கூடு நூற்புழு 1961-ல் நீலகிரியில் கண்டுபிடிக்கப்பட்டது. கடுகைவிடச் சிறிய அதன் கூடுகளுக்குள் முட்டைகள் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். இந்தப் புழு காரணமாகத்தான் நம் விதைக்கிழங்கை வேறு மாநிலங்களுக்கு அனுப்பத் தடை இருக்கிறது. இலங்கையின் மலைநகரமான நுவரெலியாவிலும் அதே புழு இருக்கிறதே, அப்புறம் என்ன என்பார்கள். அதில் இரண்டு இனங்கள் உண்டு. ஓர் இனத்தைத் தாங்கும் கிழங்கு ரகம் இன்னொன்றிடம் தோற்றுவிடும். ஆய்வு என்ற பெயரில் ஒரு மலையின் புழுவை இன்னொரு மலைக்குக் கொண்டுபோய் விடுவதைவிட மோசமான கல்விப் பரிமாற்றம் இருக்க முடியாது.

சட்டமும் இறுக்கமானது. வெளிநாட்டு மண் இந்தியாவுக்குள் வர வேண்டுமானால் 2003-ம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி முன் அனுமதி வேண்டும். இங்கிருந்து போவதற்கு 2002-ம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டம் குறுக்கே நிற்கிறது. மண்ணில் இருக்கும் நுண்ணுயிரும் அந்தச் சட்டத்தின் கண்ணில் உயிரியல் வளம்தான். அதை வெளிநாட்டவர் ஆய்வுக்கு எடுக்கச் சென்னையில் இருக்கும் தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் அனுமதி வேண்டும். அரசு ஆதரவு பெற்ற நிறுவனங்கள் சேர்ந்து செய்யும் கூட்டாய்வுக்கு 5-ம் பிரிவில் விலக்கு உண்டு. ஆனால் அந்தத் திட்டம் மத்திய அரசின் வழிகாட்டுதல்களுக்கு உட்பட்டு, அரசின் ஒப்புதலையும் பெற்றிருக்க வேண்டும். இரண்டு துணைவேந்தர்கள் கைகுலுக்கிப் போட்ட புரிந்துணர்வு ஒப்பந்தம் இந்த ஒப்புதல் ஆகாது. நான் பார்த்தவரை பெரும்பாலானவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். 2023-ல் வந்த திருத்தம் சிறைத் தண்டனையை எடுத்துவிட்டு, 1 லட்சம் முதல் 50 லட்சம் ரூபாய் வரை அபராதம் வைத்திருக்கிறது. ஒரு முனைவர் பட்ட மாணவரின் உதவித்தொகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அப்படியானால் எப்படிச் சேர்ந்து வேலை செய்வது? மண்ணை அவரவர் மலையிலேயே வைத்துச் சோதித்துவிட்டு, முறையையும் ஆட்களையும் எண்களையும் பரிமாறிக்கொள்ளலாம்.

முறை என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டாலும், முழு ஆய்வும் அதில்தான் நிற்கிறது. மண்ணில் உள்ள கரிமக் கார்பனை எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஆய்வகங்கள் பலவற்றில் இன்னும் வாக்லி-பிளாக் என்ற வேதி முறைதான். அது சராசரியாக 77 சதவீதம் கார்பனைத்தான் பிடிக்கும். மீதியை ஈடுகட்ட 1.3 ஆல் பெருக்குவோம். எதிர்முனையில் இருப்பவர் மண்ணை எரித்து அளக்கும் கருவி வைத்திருப்பார். அவருக்குப் பெருக்கலே கிடையாது. இவர் பெருக்கினாரா இல்லையா என்று குறிப்பேட்டில் எழுதாமல் விட்டால், இல்லாத வித்தியாசம் ஒன்று கட்டுரையில் அச்சாகிவிடும். மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) அப்படித்தான். நம் மலையில் இருப்பது போன்ற புளிப்பு (அமில) மண்ணுக்குப் பிரே முறை பொருத்தம். ஓல்சன் முறை சுண்ணாம்பு மண்ணுக்காக வந்தது. ஆளுக்கொரு முறையில் அளந்துவிட்டு ஒரே அட்டவணையில் போட்டால் பார்க்க அழகாக இருக்கும், அவ்வளவுதான்.

இரண்டு ஆய்வகங்களும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க வழி இருக்கிறது. ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு 2017-ல் குளோசோலன் என்ற உலக மண் ஆய்வக வலையமைப்பைத் தொடங்கியது. அதன் ஆசியக் கிளையின் பெயர் சீல்நெட். இதில் சேர்ந்து திறன் சோதனைகளில் கலந்துகொண்டால், நம் எண்ணும் அவர்கள் எண்ணும் எவ்வளவு விலகுகின்றன என்பது வேலை தொடங்கும் முன்பே தெரிந்துவிடும். ஒப்பந்தம் போட்டுப் படம் எடுப்பதற்கு முன்பு இந்தச் சோதனையை முடித்துக்கொள்ளுங்கள் என்பேன்.

அடுத்தது இடத் தேர்வு. ஊட்டியையும் இலங்கையின் தலவாக்கலையையும் ஒப்பிடலாம் என்று வருவார்கள். 1925-லேயே தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் இப்போது தலவாக்கலையில் இருப்பதால் பெயர் தெரிந்திருக்கிறது, அதுதான் காரணம். ஆனால் ஊட்டி கடல்மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேல். தலவாக்கலை அதைவிட எவ்வளவோ கீழே. நுவரெலியாவுக்கு ஜோடி குன்னூர்தான், இரண்டும் 1,850 மீட்டர் அளவில் இருக்கின்றன. நீலகிரியின் முக்குறுத்தி புல்வெளிக்கு ஜோடி இலங்கையின் ஹோர்ட்டன் சமவெளி. கோர்ஸ் என்ற மஞ்சள் பூ முள்புதர் இரண்டு புல்வெளிகளிலும் ஏறி உட்கார்ந்திருப்பதால், அதை அகற்றியவர்கள் அனுபவத்தை ஒப்பிட்டாலே ஒரு நல்ல ஆய்வு கிடைக்கும். முக்குறுத்தி தேசியப் பூங்கா என்பதால் தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி வாங்காமல் ஒரு செடியைக்கூடத் தொட முடியாது. வருகிறவர் சுற்றுலா விசாவில் வந்து களப்பணி செய்வதும் கூடாது. ஆய்வு விசா தனி.

எண்களைப் பற்றிச் சொன்னேன். இலங்கையிடம் நாம் கேட்டு வாங்க வேண்டிய எண்கள் நிறைய உண்டு. 2021 மே மாதம் அந்த நாடு ரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தது. நவம்பரில் தடையை விலக்கிக்கொண்டது. 2021-ல் சுமார் 30 கோடி கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி 2022-ல் சுமார் 25 கோடி கிலோவுக்கு இறங்கியது. நீலகிரியை இயற்கை வேளாண்மை மாவட்டமாக்க வேண்டும் என்ற பேச்சு இங்கே ஓடிக்கொண்டிருக்கிறது. நல்ல விஷயம்தான். ஆனால் உரம் நின்ற அந்த மாதங்களில் எந்த உயரத்தில், எந்த வயதுத் தோட்டத்தில் கொழுந்து முதலில் குறைந்தது, கவ்வாத்து செய்த (கிளை வெட்டிவிட்ட) செடி எப்படித் தாங்கியது என்பதைப் பேராதனைப் பல்கலைக்கழகத்திலும் பதுளையின் ஊவா வெல்லச பல்கலைக்கழகத்திலும் இருக்கும் ஆய்வாளர்களிடம் உட்கார்ந்து கேட்காமல் இங்கே திட்டம் போடுவது வீண் துணிச்சல்.

கூட்டுப் பட்டம், இரட்டைப் பட்டம் பற்றியும் கேட்கிறார்கள். 2022-ம் ஆண்டின் யூஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிகள் அதற்கு நாக் (NAAC) தர மதிப்பீட்டில் குறைந்தது 3.01 புள்ளி, இல்லையென்றால் தேசியத் தரவரிசையில் முதல் 100 இடம் என்றெல்லாம் எதிர்பார்க்கின்றன. மலைக் கல்லூரிகள் அதில் நேரத்தைச் செலவிட வேண்டாம். இரண்டு மாணவர்கள் போய், ஒரு பருவம் அங்கே ஆய்வகத்தில் நின்று பழகி வந்தால் போதும்.

கோத்தகிரி, கூடலூர், பந்தலூர் பக்கம் 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்த குடும்பங்கள் இருக்கின்றன. அங்கேயும் இங்கேயும் வேலை பார்த்த பெரியவர்கள் இரண்டு மலைத் தோட்டங்களையும் நேரில் அறிந்தவர்கள். கேள்வித்தாளை ஆங்கிலத்தில் எழுதி அவர்கள் முன் நீட்டாதீர்கள். தமிழில் எழுதினால் ஒரே தாள் இரண்டு நாட்டுத் தோட்டங்களுக்கும் செல்லும். மண் கொடுத்த விவசாயிக்கு முடிவுச் சீட்டும் தமிழில், கட்டுரை வெளியாகும் வரை காத்திருக்காமல், அடுத்த உரம் போடும் பருவத்துக்கு முன்பே போக வேண்டும். அதற்கான அச்சுச் செலவையும் வண்டி வாடகையையும் திட்டச் செலவிலேயே தனியாக எழுதிவிடுங்கள். பிற்பாடு கேட்டால் எந்த நிதி அலுவலகமும் தராது.