வாளைத் தேடிப் போகிறவர்களுக்கு ஒரு வழி

பயணத் திட்டம் போட்டுக் கொடுப்பது என் தொழில். ஜப்பானுக்குப் போகிறவர்கள் "சாமுராய் ஊர் ஏதாவது சேர்த்துவிடுங்கள்" என்பார்கள். அடுத்த கேள்வி பெரும்பாலும் "ஒரு வாள் வாங்கி வர முடியுமா?" என்பதுதான். வாளைக் கடைசியில் பார்ப்போம். முதலில் வழி.

நான் அனுப்புவது ஹொன்ஷு தீவின் வடகிழக்கில் இருக்கும் தொஹோகுவுக்கு. செண்டாய் நகரில் வாடகைக் கார் எடுத்து ஐசு-வகமட்சு, யொனெசாவா, தெண்டோ, சுருவோகா, ககுனொதாதே என்று சுற்றி மறுபடி செண்டாய். வரைபடத்தைப் பார்த்தால் நான்கு நாளில் முடித்துவிடலாம் போலத்தான் தெரியும். ஏழு நாள் வையுங்கள். பலகை ஒன்றும் இல்லாத, நடுவில் கோடு போட்ட சாதாரணச் சாலையில் வேக வரம்பு மணிக்கு 60 கிலோமீட்டர். மலைச் சாலைகளில் பல இடங்களில் 40. சாமுராய் வீடுகளும் பட்டறைகளும் சாயங்காலம் ஐந்து மணிக்குள் மூடிவிடும். ஒரு நாளைக்கு 150 கிலோமீட்டருக்கு மேல் போட்டால் நீங்கள் பார்க்கப்போவது சாத்திய கதவைத்தான்.

காருக்கு முன்னால் லைசென்ஸ். சில வருடம் முன்பு ஒரு குடும்பம் இணையத்தில் யாரோ தனியார் விற்ற "இன்டர்நேஷனல் லைசென்ஸ்" அட்டையோடு போய் இறங்கியது. கவுண்டரில் சாவி தரவில்லை. புறப்படும் முன் அதை வாங்கிப் பார்க்காதது என் தவறு; முழுப் பயணத்தையும் இரவோடு இரவாக ரயிலுக்கு மாற்றினேன். ஜப்பான் ஏற்பது 1949 ஜெனீவா ஒப்பந்தப்படி கொடுக்கப்படும் அனுமதிப் புத்தகத்தை மட்டுமே. இந்தியாவில் அதைத் தருவது ஆர்.டி.ஓ. அலுவலகம். கூடவே ஊர் லைசென்ஸும் பாஸ்போர்ட்டும் கையில் இருக்க வேண்டும். வெளிநாட்டுச் சொந்தக்காரர்கள் வந்து சேர்ந்துகொள்ளும் பயணங்களில் இன்னொரு சிக்கல் உண்டு. பிரான்ஸ், ஜெர்மனி, சுவிட்சர்லாந்து லைசென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு அந்த நாட்டு சர்வதேச அனுமதி அங்கே செல்லாது. லைசென்ஸின் அதிகாரப்பூர்வ ஜப்பானிய மொழிபெயர்ப்பு வேண்டும். "ஜெர்மனி மச்சான் ஓட்டிக்கொள்வார்" என்று நம்பிப் போகாதீர்கள்.

ஓட்டுவது நம்மைப் போலவே இடப்பக்கம். அதுதான் ஆபத்தும், எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும். ரயில்வே கேட் திறந்தே இருந்தாலும் காரை முழுசாக நிறுத்தி, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் கடக்க வேண்டும். சிவப்பு விளக்கில் இடது பக்கம் நைசாகத் திரும்பும் பழக்கம் கூடாது. தலைகீழ் முக்கோணமாக ஒரு சிவப்புப் பலகை வந்தால், தெருவில் ஈ காக்கை இல்லாவிட்டாலும் நில். சாகே என்ற அரிசி மது ருசி பார்க்கும் ஆசை இருந்தால் அன்றைக்கு ஓட்டாதீர்கள். குடித்தவர் ஓட்டினால், தெரிந்தே பக்கத்தில் உட்கார்ந்தவருக்கும் தண்டனை உண்டு. பெட்ரோல் பங்கில் சிவப்புக் குழாய்தான் சாதாரண பெட்ரோல். "ரெகுலர், மான்டான்" என்றால் டாங்கை நிரப்பிவிடுவார்கள். குளிர்காலத்தில் போகவே போகாதீர்கள் என்பது என் கட்சி. சில மலைச் சாலைகளை மாதக்கணக்கில் மூடியே வைத்திருப்பார்கள். திறந்திருக்கும் சாலையிலும் பனியில் ஓட்டிப் பழக்கமில்லாதவருக்கு வேலை இல்லை.

சரி, ஊர்கள். ஐசுவில் எல்லாரும் கோட்டைக்கும் ஈமோரி குன்றுக்கும் போவார்கள். 1868 உள்நாட்டுப் போரில் கோட்டைப் பக்கம் எழுந்த புகையைப் பார்த்து, எல்லாம் முடிந்தது என்று நினைத்துத் தற்கொலை செய்துகொண்ட பதின்வயதுப் பையன்களின் கல்லறைகள் அந்தக் குன்றில் இருக்கின்றன. கோட்டை அப்போது விழவில்லை. இன்று நிற்பது 1965ல் கான்கிரீட்டில் திரும்பக் கட்டியது. அரை நாள் போதும்.

யொனெசாவாவுக்கு ஒரு முழு நாள் கொடுங்கள். இங்கே ஆண்ட உஎசுகி குடும்பத்துக்கு ஒரு காலத்தில் 12 லட்சம் கொகு வருமானம். ஒரு ஆளுக்கு ஒரு வருடத்துக்கான அரிசி ஒரு கொகு என்பது பழைய கணக்கு. ஒரு போரில் தோற்ற பக்கம் நின்றதால் 1601ல் அது 3 லட்சமாகி, 1664ல் அதிலும் பாதியானது. ஆனால் ஆட்களைப் பெரிதாகக் குறைக்கவில்லை. சம்பளம் போதாத சாமுராய்கள் ஊர் நிறைய. 1767ல் பொறுப்புக்கு வந்த உஎசுகி யோசான் சாமுராய் வீட்டுப் பெண்களுக்கு நெசவு கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்தார். வீட்டுக்கு வீடு உகொகி என்ற முள்செடியை வேலியாக வைக்கச் சொன்னார். அதன் கொழுந்தைச் சோற்றோடு கலந்து சாப்பிடலாம். வேலியும் ஆச்சு, கீரையும் ஆச்சு. அந்த வேலிகள் இன்னும் இருக்கின்றன, வசந்தத்தில் போனால் சாப்பிடவும் கிடைக்கும். திரைப்படச் சாமுராயை மறக்க அதில் ஒரு பிடி போதும்.

தெண்டோ கதையும் இதேதான். பேர் பெற்ற போர்த்தலைவர் ஓடா நொபுனாகாவின் வம்சம் 1831ல் இங்கே வந்தபோது கைவசம் இருந்தது 20,000 கொகுதான். கீழ்நிலைச் சாமுராய்கள் ஷோகி என்னும் ஜப்பானியச் சதுரங்கத்தின் காய்களைச் செய்து விற்க ஆரம்பித்தார்கள். இது கௌரவக் குறைச்சல் என்று முணுமுணுத்தவர்களுக்கு, யொஷிதா தாய்ஹாச்சி என்ற அதிகாரி "ஷோகி போர்த்தந்திரம், ஆகவே குறைச்சல் இல்லை" என்று பதில் சொன்னதாக ஊரில் சொல்வார்கள். நல்ல வக்கீல்! இன்றும் ஊரின் அடையாளம் அந்தக் காய்தான். பட்டறையில் கைவேலையைப் பார்க்கலாம். படம் எடுக்கக் கேட்டுவிட்டு எடுங்கள். பேரம் பேசாதீர்கள், நமக்குக் கை அரிக்கும், தெரியும். எழுத்தைச் செதுக்கி, அந்தக் குழியில் அரக்கு நிரப்பி, மேடாக எழும்பும்வரை திரும்பத் திரும்பப் பூசிய காய்க்கு அந்த விலை உண்டு.

சுருவோகாவுக்கு வெளியே மாட்சுகவோகா. அதே 1868 போரில் தோற்ற 3,000 சாமுராய்கள் 1872ல் காட்டைத் திருத்தி மல்பெரி நட்டுப் பட்டுப்புழு வளர்த்த இடம். அந்தப் பெரிய மரக் கொட்டகைகளில் சில நிற்கின்றன. ஒரு மணி நேரம் போதும், ஆனால் தவறவிடாதீர்கள்.

ககுனொதாதே 1620ல் திட்டமிட்டுப் போட்ட ஊர். கறுப்பு மரவேலி, அதற்கு மேல் தொங்கும் செர்ரி கிளைகள். பூக்கும் வாரத்தில் கார் நிறுத்த இடம் கிடைக்காது, நான் அந்த வாரத்துக்குத் திட்டம் போடுவதையே விட்டுவிட்டேன். இஷிகுரோ வீட்டின் ஒரு பகுதியில் அந்தக் குடும்பத்தினர் இன்றும் வாழ்கிறார்கள். கயிறு கட்டிய இடத்தைத் தாண்டாதீர்கள். இங்கேயும் சாமுராய்களின் உபதொழில் ஒன்று உண்டு. காட்டுச் செர்ரி மரப்பட்டையைக் கோந்தும் சூடான இரும்பும் வைத்து ஒட்டி டப்பாக்கள் செய்வார்கள். தேயிலை போட்டு வைத்தால் ஈரம் ஏறாது.

இப்போது வாள். 1876ல் பொது இடத்தில் வாள் தரிப்பதற்கே அரசு தடை போட்டது. இன்றைக்கு அசல் வாள் ஒவ்வொன்றுக்கும் பதிவுச் சான்று உண்டு. நாட்டுக்கு வெளியே கொண்டுபோக ஜப்பான் கலாசார முகமையிடம் விண்ணப்பித்து அனுமதி வாங்க வேண்டும். ஒரு வாரப் பயணத்தில் நடக்கிற காரியம் அல்ல. இந்தியாவிலும் 9 அங்குலத்தை மீறிய வாள் ஆயுதச் சட்டத்துக்குள் வரும். சமையல் கத்தி வாங்குங்கள், அதில் தடை இல்லை. ஆனால் கடைக்காரர் கட்டிக் கொடுத்ததைப் பிரிக்காமல் பெட்டிக்குள் வையுங்கள். தகுந்த காரணம் இல்லாமல் 6 சென்டிமீட்டருக்கு மேல் அலகுள்ள கத்தியை வெளியே கொண்டு திரிவது அங்கே குற்றம். ஆப்பிள் நறுக்கலாம் என்று பிரித்துக் காரில் போட்டு வைத்தால், போலீஸ் கேட்கும்போது ஆப்பிள் கதை எடுபடாது. விமானத்தில் கைப்பையில் வேண்டாம், செக்-இன் பெட்டியில்தான்.

வாள் வாங்கியே தீருவேன் என்று நின்ற நம் ஊர்க் கடைக்காரர் ஒருவர் கடைசியில் தெண்டோவிலிருந்து பெரிய ஷோகி காய் ஒன்றை வாங்கி வந்தார். குதிரை என்ற எழுத்தை இடம் வலம் மாற்றி எழுதியது. வியாபாரத்துக்கு ராசி என்று அங்கே கடைகளில் வைப்பார்கள். கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். கடைக்கு வந்த ஜப்பானியம் தெரிந்த ஒருவர் எழுத்து திரும்பியிருக்கிறது என்று சொல்லிவிட, மாற்றித் தருவார்களா என்று கேட்டு எனக்கு ஃபோன் செய்தார்.