ஐக்கியம் வேறு, உடன்பங்கு வேறு

போன மாதம் எங்கள் வியாழக்கிழமைக் கூட்டத்துக்கு ஒரு தம்பி அச்சடித்த தாள் ஒன்று கொண்டுவந்தான். இந்தியாவிலிருந்து யாரோ வைபரில் அனுப்பியதாம். பர்மாவின் யாங்கூனில், தாம்வே பகுதியில் மூன்றாம் மாடி வீடு. கரண்ட் போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. சார்ஜ் விளக்கைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு, எங்களில் மூத்தவரான பெரியம்மா எழுத்துக் கூட்டித் தலைப்பை வாசித்தார்: "உயிரணுக் குழு ஐக்கியத்தில் ஆழப்படுங்கள்." வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார். "இது நம்மளையா சொல்லுது?"

எங்களைத்தான் சொல்கிறது. ஏழெட்டுப் பேர் வாரம் ஒருமுறை ஒரு வீட்டில் கூடி, வேதம் வாசித்து, ஜெபித்து, இருப்பதைச் சாப்பிட்டு, வீட்டுக் கஷ்டத்தை வாய்விட்டுப் பேசிக்கொள்கிறோமே, அதற்குத்தான் இந்தப் பெயர். பதினைந்து வருஷமாக அதில் இருக்கும் ஒரு மனுஷிக்கு அது தன்னைப் பற்றிய பேச்சு என்றே தெரியவில்லை என்றால், தப்பு அவர்மேல் இல்லை. தலைப்பில் இரண்டு பிழைகள் இருக்கின்றன. 'உயிரணு' நேற்று வந்தது. 'ஐக்கியம்' நூறு வருஷத்துக்கு மேல் நம்மோடு இருப்பது. எனக்குப் பெரிய வழக்கு இரண்டாவதோடுதான்.

நம் வேதம் 'ஐக்கியம்' என்று மொழிபெயர்த்திருக்கும் மூலச் சொல்லைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தில் அது கொய்னோனியா. 'கொய்னோஸ்' என்றால் பொது. ஒன்றைப் பொதுவில் வைத்துக்கொண்டவர்களுக்கு நடுவே இருக்கும் உறவு கொய்னோனியா. ஆங்கிலத்தில் அதற்கு வழங்கும் ஃபெல்லோஷிப்பும் இதே வழியில் வந்ததுதான். பழைய ஸ்காண்டிநேவிய மொழியில் 'ஃபே' என்றால் மாடு, அதாவது சொத்து. தன் சொத்தை இன்னொருவன் சொத்தோடு சேர்த்து வைத்தவன் 'ஃபேலாகி'. அதிலிருந்து 'ஃபெல்லோ'. நமக்கும் மாடு என்றால் செல்வம்தானே, "மாடல்ல மற்றை யவை" என்கிறது குறள். அப்போஸ்தலர் 2:42இல் கொய்னோனியா வருகிறது. இரண்டே வசனம் தள்ளி, "சகலத்தையும் பொதுவாய் வைத்து அநுபவித்தார்கள்" என்று வருகிறது, அந்தப் 'பொது'வும் இதே வேர். ரோமர் 15:26இல் எருசலேமின் ஏழைகளுக்காகத் திரட்டிய பணத்தையே பவுல் கொய்னோனியா என்கிறார். ஆக, இந்தச் சொல்லைக் கேட்டதும் நடுவில் ஒரு தட்டோ, ஒரு பையோ, ஒரு படகோ கண்ணில் பட வேண்டும்.

இப்போது ஐக்கியத்துக்கு வருவோம். ஏகம் என்ற வடசொல்லிலிருந்து பிறந்தது. இரண்டு இல்லாமல் ஒன்றாகிப்போதல் என்பது அதன் பொருள். சைவர்கள் இந்தச் சொல்லைச் சரியாகவே ஆள்கிறார்கள்: உயிர் சிவத்தில் ஐக்கியமாகிறது. ஒரு சாமியார் காலமானால் "இறைவனோடு ஐக்கியமானார்" என்று போடுகிறார்கள். பாலில் சர்க்கரை கரைவதுபோல, அப்புறம் சர்க்கரை தனியாக இருக்காது. நம் வேதத்தில் யோவான் சொல்வது அதுவா? "எங்களுடைய ஐக்கியம் பிதாவோடும் அவருடைய குமாரனாகிய இயேசுகிறிஸ்துவோடும் இருக்கிறது" என்று வாசிக்கிறோம். யோவான் பிதாவில் கரைந்துபோனதாகச் சொல்லவில்லை. பிதாவுக்கும் தனக்கும் பொதுவானது ஒன்று உண்டு, அதில் உங்களுக்கும் பங்கு உண்டு என்கிறார். கரைந்துபோனவர்களுக்கு நடுவே பங்கு ஏது?

ஒன்றாயிருத்தல் என்று சொல்ல வேண்டிய இடத்தில் கிரேக்கத்துக்கு வேறு சொல் இருக்கிறது, 'ஹெனோடேஸ்'. எபேசியர் 4:3இல் அது வருகிறது. அங்கே நம் பழைய மொழிபெயர்ப்பு "ஆவியின் ஒருமை" என்று அழகாகவே போட்டிருக்கிறது. அப்படியானால் ஒருமைக்கு ஒருமை என்றும், கொய்னோனியாவுக்கு மறுபடியும் ஒருமை என்றே பொருள்படும் வடசொல்லையும் வைத்திருக்கிறோம். இரண்டு தனித்தனிச் செய்திகள் தமிழில் ஒன்றாய்ப் போய்விட்டன.

இது அகராதிச் சண்டை மட்டும் என்றால் நான் இவ்வளவு எழுத மாட்டேன். சொல் ஆளை நடத்துகிறது. 'ஐக்கியம்' என்று பெயர் வைத்த கூட்டத்தில் எல்லாரும் ஒரேமாதிரி இருக்க வேண்டியதாகிறது. வாலிபர் ஐக்கியம், பெண்கள் ஐக்கியம் என்று தலைவர், செயலாளர், பொருளாளர் வைத்து நடத்துகிறோம். "ஐக்கியத்துக்கு வந்தீங்களா?" என்றால் வருகைப் பதிவில் பேர் இருக்கிறதா என்று அர்த்தம். எங்கள் கூட்டத்துக்கு வரும் ஓர் அக்கா, புருஷன் இறந்த மூன்றாம் மாதம், ஒரு சபையின் பெண்கள் ஐக்கியத்தில், "எனக்குக் கர்த்தர்மேல கோவமா இருக்கு" என்று சொல்லியிருக்கிறார். நடத்தியவர் உடனே கையைப் பிடித்து, "அக்கா, ஐக்கியத்துல இப்படிப் பேசக் கூடாது, மத்தவங்க விசுவாசம் கெடும்" என்று உட்கார வைத்துவிட்டாராம். நடத்திய அந்த அம்மா கெட்டவர் இல்லை. அந்தச் சொல்லுக்கு உண்மையாக இருந்தார். ஒன்றாயிருப்பதுதான் நோக்கம் என்றால் வேறாகப் பேசுகிறவர் இடைஞ்சல்தான்.

அதே அக்கா ஒரு வியாழக்கிழமை எங்களிடம் வந்து அதையே சொன்னார். யாரும் பதில் சொல்லவில்லை. பெரியம்மா எழுந்து போய், லப்பே தட்டைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார். அந்த அரக்குத் தட்டு உங்களுக்குத் தெரியும், நடுவில் ஊறவைத்த தேயிலை, சுற்றிலும் அறை அறையாக வறுத்த பயறு, பூண்டு, எள், காய்ந்த கூனி. எல்லார் கையும் அதற்குள் போய்வந்தது. கொஞ்ச நேரம் கழித்து, தன் மகன் மலேசியாவுக்குப் போனதிலிருந்து போன் பண்ணவில்லை என்று இன்னொருவர் சொன்னார். இதுதான் கொய்னோனியா. இதற்கு ஐக்கியம் என்று பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

சரி, உயிரணுவுக்கு வருகிறேன். ஆங்கிலத்தில் 'செல் குரூப்' என்கிறார்கள், ஆகவே செல்லுக்கு உயிரணு, குரூப்புக்குக் குழு என்று மாற்றிவிட்டார் மொழிபெயர்த்தவர். செல் பிரிந்து பிரிந்து பெருகுவதுபோல வீட்டுக்கூட்டமும் பிரிந்து பெருக வேண்டும் என்பது அந்த உவமை. உவமை சொல்ல வேண்டுமானால் பிரசங்கத்தில் சொல்லட்டும், பெயராக எதற்கு? இந்த முறையை உலகுக்குக் காட்டியது தென்கொரியா. 1958இல் சியோலில் ஒரு கூடாரத்தில் சபை தொடங்கிய டேவிட் யோங்கி சோ, 1960களில் உடல்நிலை குலைந்து தனியாளாகச் சபையைக் கவனிக்க முடியாமல் போனபோது, ஊரைப் பகுதி பகுதியாகப் பிரித்து வீடுகளில் கூட வைத்தார். பொறுப்பைப் பெரும்பாலும் பெண்களிடம் கொடுத்தார். கொரியர்கள் அந்தக் கூட்டத்துக்குச் சொல்லும் பெயர் 'குயோக்'. வட்டாரம், பகுதி என்று அர்த்தம். நம் ஊரில் வார்டு என்கிறோமே, அதுபோல. தங்கள் மொழியில் அவர்கள் அதை உயிரணு என்று சொல்லவில்லை. ஆங்கிலத்தில் வழங்கும் உவமையை நாம் அறிவியல் பாடப் புத்தகத்திலிருந்து மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறோம்.

மெதடிஸ்டுகளாகிய நமக்கு இன்னும் கிட்டத்திலேயே முன்மாதிரி உண்டு. 1742இல் பிரிஸ்டலில் ஜெபவீட்டுக் கட்டடத்தின் கடனை அடைக்க வேண்டியிருந்தது. பன்னிரண்டு பேருக்கு ஒருவரை நியமித்து, வாரம் ஆளுக்கு ஒரு பென்னி வாங்கச் சொன்னார்கள். வாங்கப் போனவர் வீட்டு நிலைமையைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்து மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியிடம் சொல்ல, அதிலிருந்து பிறந்ததுதான் வகுப்புக் கூட்டம். காசு பொதுவில் வைக்கப்போய் மனசும் பொதுவில் வந்தது. பர்மாவிலேயே ஒரு கதை இருக்கிறது. 1813இல் ரங்கோனில், அதாவது இன்றைய யாங்கூனில், வந்து இறங்கிய அமெரிக்க மிஷனரி அடோனிராம் ஜட்சன், 1819இல் பாதையோரத்தில் ஒரு ஸயாட் போட்டு, அதாவது நம் சாவடி மாதிரி மூங்கில் கொட்டகை ஒன்று போட்டு, போகிற வருகிறவர்களோடு உட்கார்ந்து பேசினார். இந்த நாட்டில் அவருடைய முதல் விசுவாசி மௌங் நோ அந்த வருஷம்தான் ஞானஸ்நானம் பெற்றார். கோபுரமும் மணியும் எல்லாம் பிறகு வந்தவை.

ஜட்சன் 1834இல் வேதம் முழுவதையும் பர்மிய மொழியில் முடித்தார். அதில் கொய்னோனியாவுக்கு 'மெய்த் தஹாயா' என்று இருக்கிறது. பாலியிலிருந்து வந்தவை: மித்த, சஹாய. நம் காதுக்கு மித்திரனும் சகாயமும். நட்பும் துணையும். எங்கள் பிள்ளைகள் பர்மியப் பள்ளியில் படித்தவர்கள், அவர்களுக்கு ஐக்கியத்தைவிட மெய்த் தஹாயா சட்டென்று புரிகிறது. இதைச் சொல்ல எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. தாய்மொழிச் சொல் புரியாமல் போவது பிள்ளைகளின் குறை என்று சபைகளில் பேசுகிறோம். தாய்மொழியில் இல்லாத சொல்லைத் தாய்மொழி என்று கொடுத்தது யார்?

வேறு சொற்களையும் வைத்துப் பார்த்தேன். பழைய மொழிபெயர்ப்பே அப்போஸ்தலர் 2:42இல் 'அந்நியோந்நியம்' என்கிறது. ஒருவருக்கொருவர் என்ற பொருள் அதில் இருக்கிறது, அது நல்லதே. ஆனால் இன்று தம்பதிகளைத்தான் அந்நியோந்நியம் என்கிறோம். கத்தோலிக்கரும் சேர்ந்து உழைத்த திருவிவிலியத்தில் 'நட்புறவு'. தெளிவான சொல், ஆனால் அமைச்சர்கள் விமானத்தில் ஏறும்போதும் அதுவே. எதையும் பங்கிடாமல் நட்புறவாக இருக்கலாம். 'கூட்டுறவு' பொருளில் மிக அருகில் வருகிறது, அதைச் சங்கமும் கடையும் எடுத்துக்கொண்டன. தமிழ்நாட்டுக் கத்தோலிக்கர் தங்கள் சிறு குழுக்களுக்கு 'அன்பியம்' என்று வைத்திருப்பது எனக்குப் பிடிக்கும். செல்லையும் அணுவையும் தேடிப் போகாமல், வாயில் நிற்கும் ஒரு பெயரை உண்டாக்கினார்கள். ஆனால் அது குழுவின் பெயர், குழுவுக்குள் நடப்பதன் பெயர் இல்லை.

பதில் அந்தப் பழைய மொழிபெயர்ப்புக்குள்ளேயே இருக்கிறது. லூக்கா 5:10இல் யாக்கோபும் யோவானும் "சீமோனுக்குக் கூட்டாளிகள்". கிரேக்கத்தில் 'கொய்னோனோய்', மீன்பிடித் தொழிலில் பங்கு வைத்தவர்கள். வெளிப்படுத்தல் 1:9இல் யோவான் தன்னை உபத்திரவத்தில் "உடன்பங்காளன்" என்கிறார். அங்கேயும் அதே வேர். பாருங்கள், இந்த இரண்டு இடத்திலும் ஆளைச் சொல்லும்போது நம் முன்னோர் கையில் தமிழ் தானாக வந்திருக்கிறது: கூட்டாளி, உடன்பங்காளன். நிலையைச் சொல்லும்போது பெரும்பாலும் வடசொல்லுக்குப் போயிருக்கிறார்கள். உடன்பங்காளன் என்று ஆள் இருந்தால் 'உடன்பங்கு' என்று நிலையும் இருக்கும். புதிதாக எதையும் படைக்க வேண்டியதில்லை.

பங்காளி என்றால் சண்டை நினைவுக்கு வருமே என்று எங்கள் கூட்டத்திலேயே ஓர் அண்ணன் கேட்டார். நியாயமான கேள்வி. பங்காளிச் சண்டை வருவது நடுவில் ஒரு வயல் இருப்பதால். எங்களுக்குள்ளும் வருகிறது. 2021இல் இரவு எட்டு மணிக்கு ஊரடங்கு, ஐந்து பேருக்கு மேல் கூடக் கூடாது என்று உத்தரவு வந்தபோது, நாலு நாலு பேராகப் பிரிந்து மதியத்தில் கூடினோம். யார் யாரோடு என்பதில் இரண்டு பேர் ஒரு மாதம் பேசிக்கொள்ளவில்லை. அந்த மாதமும் அரிசி மட்டும் நிற்கவில்லை. இங்கே அரிசியைப் பால் டப்பாவால்தான் அளப்போம், எட்டு டப்பா ஒரு ப்யி. வீட்டுக்கு ஒரு டப்பா என்று வாசல் மூலையில் இருக்கும் பிளாஸ்டிக் வாளியில் கொட்டிவிட்டு உள்ளே வருவது வழக்கம், அந்த வாரம் தேவைப்படுகிறவர் எடுத்துப் போவார். பேசாத இரண்டு பேரும் கொட்டினார்கள். ஒருவர் எடுத்தும் போனார்.

இந்த இடத்தில் 'பகிர்தல்' பற்றியும் சொல்லிவிடுகிறேன். மொழிபெயர்த்த பிரசங்கங்களில் எல்லாரும் இப்போது எதையாவது பகிர்கிறார்கள்: சாட்சியைப் பகிர்ந்தார், வார்த்தையைப் பகிர்ந்தார், பாரத்தைப் பகிர்ந்தார். சொன்னார் என்று அர்த்தம். பகிர்ந்தால் கையில் இருப்பது குறைய வேண்டாமா? மனம்விட்டுப் பேசுவதற்குத் தமிழில் 'அளவளாவுதல்' இருக்கிறது. அது இல்லாத வாழ்க்கை கரையில்லாத குளத்தில் நீர் நிறைந்ததுபோல என்று சுற்றந்தழால் அதிகாரத்தில் வள்ளுவர் சொல்கிறார். பேச்சுக்கு அளவளாவலை வைத்துக்கொண்டு, பகிர்தலை வாளியிலும் தட்டிலும் விட்டுவிடலாம்.

எழுதும்போது உடன்பங்கு என்று ஒரே சொல்லாக எழுதுங்கள். வினையாக்க வேண்டுமானால் உடன்பங்கு கொள்ளுதல். வீட்டில் கூடுவதற்கு வீட்டுக்கூட்டம் என்ற பெயர் ஏற்கெனவே இருக்கிறது, அதைத் தொட வேண்டாம். போன வியாழக்கிழமை 1 யோவான் 1:3ஐ இந்தச் சொல்லோடு வாசித்துப் பார்த்தோம்: "நீங்களும் எங்களோடே உடன்பங்குள்ளவர்களாகும்படி." பெரியம்மா இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். "ஆமா, இது நம்மளத்தான்" என்றார்.