வயதான ஹர்டில் குதிரையை ஸ்டீப்பிள்சேஸுக்கு மாற்றுமுன்

ஹர்டில் பந்தயத்தில் ஒரு சாம்பியன் குதிரை முன்போல் வெல்லவில்லை என்றால், "வேலி தாண்ட விட்டுப் பார்க்கலாமே" என்று லாயத்தில் யாராவது ஒருவர் சொல்லிவிடுவார். அயர்லாந்திலும் பிரிட்டனிலும் இது ஒவ்வொரு கோடைக்காலத்திலும் எழும் பேச்சுதான். அதில் நியாயமும் உண்டு. வயதாகும்போது இரண்டு மைல் ஓட்டத்துக்கான வேகம்தான் முதலில் குறையும். மூச்சுப் பலமும் தாண்டும் திறமையும் அதற்குப் பிறகும் ஓரிரு பருவங்கள் நிற்கும். வேலி தாண்டும் ஸ்டீப்பிள்சேஸ், சுருக்கமாகச் சேஸ், ஹர்டிலைவிடக் கொஞ்சம் நிதானமாக ஓடும். ஹர்டிலில் எத்தனை கோப்பை வாங்கியிருந்தாலும், அந்தப் பருவம் தொடங்குமுன் சேஸ் வெல்லாத குதிரை அங்கே 'நாவிஸ்', அதாவது புதுமுகம். அதனால் பெரிய சேஸ் குதிரைகளோடு மோதாமலே தொடங்கலாம்.

உரிமையாளர்கள் பெரும்பாலும் கேட்பது "வயது அதிகமோ?" என்றுதான். வயதைவிட முக்கியமான கேள்விகள் இரண்டு. பல வருடமாகப் பழகிய தாண்டும் முறையை இந்தக் குதிரை மாற்றிக்கொள்ளுமா? அதை மாற்றும் மாதங்களை அதன் முன்னங்கால்கள் தாங்குமா?

கிண்டியிலும் ஊட்டியிலும் நாம் பார்த்துப் பழகியது தடையே இல்லாத சமதள ஓட்டம். ஆகவே இரண்டு தடைகளுக்கும் என்ன வித்தியாசம் என்பதை முதலில் சொல்லிவிடுவோம். ஹர்டில் என்பது தரையில் அடித்து நிறுத்திய மரச்சட்டம், உயரம் சுமார் மூன்றரை அடி. குதிரை வரும் திசைக்கு எதிர்ப்புறமாகச் சாய்ந்திருக்கும். கால் பட்டால் இன்னும் சாய்ந்து வழிவிடும். ஸ்டீப்பிள்சேஸ் வேலியின் உயரம் குறைந்தது நாலரை அடி. பர்ச் மரக் குச்சிகளை நெருக்கமாகத் திணித்துக் கட்டியிருப்பார்கள். உச்சியில் சில அங்குலம் வளைந்து கொடுக்கும், அதற்குக் கீழே கொடுக்காது. சில வேலிகளுக்கு முன்னால் பள்ளம் வேறு வெட்டியிருக்கும். இரண்டு மைலுக்குள் ஹர்டில் குறைந்தது 8, வேலி குறைந்தது 12. பிரிட்டனின் பெரிய சேஸ் பந்தயமான செல்டனம் கோல்ட் கப்பில் மூன்றேகால் மைலுக்கு 22 வேலிகள்.

சிக்கலின் வேர் இதில்தான் இருக்கிறது. நல்ல ஹர்டில் குதிரை உண்மையில் தாண்டுவதே இல்லை என்று சொல்லலாம். ஓட்டத்தின் ஒரு எட்டை, அதாவது காலடியை, கொஞ்சம் நீட்டி, முதுகைத் தட்டையாக வைத்தபடி தடையை உரசிக்கொண்டு போய்விடும். காற்றில் எவ்வளவு குறைந்த நேரம் இருக்கிறதோ அவ்வளவு லாபம். தூரத்திலிருந்தே எழும்பும். உரசினாலும் சட்டம் சாய்ந்துகொள்வதால் அதற்குத் தண்டனை இல்லை. இதே பழக்கத்தோடு வேலிக்கு வந்தால் முழங்கால் மடங்காமல் நெஞ்சோ முன்னங்காலோ கெட்டியான பகுதியில் இடிக்கும். பின்னங்கால் தப்பினாலும் முன்பாரம் அதிகமாகி, இறங்கியதும் மூக்கு தரையில் குத்தும். விழாவிட்டாலும் ஜாக்கி கழுத்துக்கு மேலே போய்விடுவார். இளம் குதிரைக்கு இந்தப் பழக்கம் இன்னும் உறைந்திருக்காது. பல வருடம் ஹர்டில் தாண்டிய குதிரைக்கு அது எலும்பிலேயே ஊறியிருக்கும்.

முடியாத காரியம் அல்ல என்பதற்கு ஃபாஹீன் சாட்சி. வில்லி மல்லின்ஸ் பயிற்றுவித்த இந்தக் குதிரை 2015இல் செல்டனத்தில் சாம்பியன் ஹர்டில் வென்றது. 2016இல் காயத்தால் அந்தப் போட்டியைத் தவறவிட்டது. 2019 ஏப்ரலில் ஏன்ட்ரீயில் இதயத் துடிப்பு ஒழுங்கு தவறிப் பாதியில் நிறுத்தப்பட்டது. அதோடு முடிந்தது என்றுதான் பலர் நினைத்தார்கள். அதே ஆண்டு நவம்பரில், 11 வயதில், அயர்லாந்தின் பஞ்செஸ்டவுனில் முதல் சேஸ் பந்தயத்தை வென்றது. டிசம்பர் 26 அன்று லிமெரிக்கில் முதல்தரப் பந்தயம் ஒன்றையும், பிப்ரவரி 2020இல் லெப்பர்ட்ஸ்டவுனில் இன்னொன்றையும் வென்றது. பந்தயக் கணக்கில் எல்லாக் குதிரைக்கும் ஜனவரி 1தான் பிறந்தநாள். ஆகவே லெப்பர்ட்ஸ்டவுனில் அதன் வயது 12. அடுத்த மாதம் செல்டனத்தில் மூன்றாவதாக வந்தது.

இதை வைத்து "எங்கள் குதிரையும் ஓடும்" என்று கிளம்புவது தவறு. ஃபாஹீன் நீண்ட ஓய்வுகளால் வயதுக்கு ஏற்ற அளவு பந்தயம் ஓடாத குதிரை. கால்களின் தேய்மானம் காலண்டரைவிட ஓட்டக் கணக்கைத்தான் கேட்கும். 1971, 72 சாம்பியன் ஹர்டில்களை வென்ற பூலா சேஸிலும் நன்றாகவே ஓடியது, கோல்ட் கப்பில் மூன்றாம் இடம் வரை போனது. ஆனால் 12 வயதில், 1977 சாம்பியன் சேஸில் விழுந்த காயத்திலிருந்து அது பிழைக்கவில்லை. சாம்பியன் ஹர்டில், கோல்ட் கப் இரண்டையும் வென்ற ஒரே குதிரை டான் ரன். அது கோல்ட் கப் வென்ற 1986இல் அதன் வயது எட்டுதான்.

மருத்துவப் பரிசோதனை எங்கே தொடங்க வேண்டும்

முன்னங்கால்களில். கணுவுக்கு மேலே, காலின் பின்புறமாக ஓடும் மேல்மட்ட மடக்குத் தசைநாண்தான் தாண்டும் குதிரைகளில் அதிகம் கிழிவது. வேலியிலிருந்து இறங்கும்போது முதலில் தரை தொடும் முன்னங்கால் ஒன்றின் மீது உடல் எடையின் இரு மடங்குக்கும் மேல் விசை விழுகிறது. குதிரை 500 கிலோ. நாவிஸ் பந்தயத்தில் சேணத்தோடு ஜாக்கி சுமார் 70 கிலோ. ஹர்டிலைவிட உயரத்திலிருந்து இறங்குகிறது, அதுவும் அதிக முறை. தசைநாணோ குதிரை வளர்ந்து முடிந்தபின் பயிற்சியால் பலப்படும் உறுப்பு அல்ல. வயதும் ஓட்டமும் சேரச் சேர உள்ளே நார்கள் நைந்துகொண்டே போகும், வெளியே ஒன்றும் தெரியாது.

ஆகவே தடவிப் பார்த்து "சூடில்லை, வீக்கமில்லை" என்று விடக்கூடாது. இரண்டு முன்னங்கால்களையும் அல்ட்ராசவுண்டு எடுக்க வேண்டும், சந்தேகம் ஒரு காலில் மட்டும் இருந்தாலும். தசைநாணின் குறுக்களவை இரண்டு கால்களிலும் ஒரே உயரத்தில் ஒப்பிட வேண்டும். நடுவில் கருமையான ஓட்டைபோல ஒன்று தெரிந்தால் நார்கள் அறுந்திருக்கின்றன என்று பொருள். அந்தக் குதிரையை வேலிப் பக்கமே கொண்டுபோக வேண்டாம். காரணம் எளிய கணக்கு: கிழிந்த தசைநாண் ஆறக் குறைந்தது 9 முதல் 12 மாதம், பல நேரம் அதற்கும் மேல். எட்டு வயதுக் குதிரைக்கு அது ஒரு பருவ இழப்பு. திசில்கிராக் என்ற எட்டு வயதுக் குதிரை 2016 டிசம்பரில் கிங் ஜார்ஜ் சேஸை நாவிஸாகவே வென்று, சில வாரங்களில் தசைநாண் கிழிந்து கோல்ட் கப்பை இழந்தது. பிறகு களத்துக்குத் திரும்ப அதற்கு வயது இருந்தது. பதினொரு வயதுக் குதிரைக்கு ஒரு கிழிசலே ஓய்வுக் கடிதம்.

அடுத்தது முதுகும் இடுப்பும். தட்டையாகத் தாண்டுவதைப் பழக்கம் என்று எல்லோரும் சொல்வார்கள். பல நேரம் அது வலி. முதுகெலும்பின் மேல்முனைகள் ஒன்றையொன்று உரசினாலும், பின்னங்கால் குதி மூட்டு தேய்ந்திருந்தாலும், குதிரை முதுகை வளைத்து எழும்பாது. சேணம் போடும்போது காதை மடக்குகிறதா, ஒரே பக்கமாகச் சாய்ந்து தாண்டுகிறதா, கெட்டித் தரையில் சிறு வட்டமாகச் சுற்றவிட்டால் எட்டு குறைகிறதா என்று பாருங்கள். வலியைச் சரிசெய்யாமல் பயிற்சியால் தாண்டும் முறையைத் திருத்த முயன்றால் குதிரை தடையைக் கண்டாலே நிற்கக் கற்றுக்கொள்ளும்.

இதயம்: ஓய்வில் துடிப்பு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருக்கலாம். எண்ணிக்கையைவிட ஒழுங்கு முக்கியம். பந்தய நடுவில் திடீரென்று 'பேட்டரி தீர்ந்ததுபோல்' நின்ற வரலாறு இருந்தால் மேலறை நடுக்கத்தை, அதாவது இதயத்தின் மேலறை ஒழுங்கின்றித் துடிப்பதை, சந்தேகிக்க வேண்டும். அது ஓரிரு நாளில் தானாகவே சரியாகிவிடுவதும் உண்டு, அதனால்தான் மறுநாள் காலையில் ஸ்டெதாஸ்கோப் வைத்துவிட்டு நலம் என்று எழுதிவிடுகிறார்கள். ஓட்டத்தின்போது எடுத்த ஈசிஜி இல்லாமல் முடிவு சொல்லாதீர்கள். நிற்கும் குதிரையின் இதயம் எல்லாவற்றையும் காட்டிக்கொடுக்காது.

கண்ணைப் பலர் மறந்துவிடுகிறார்கள். குதிரைக்கு நெற்றிக்கு நேர் முன்னாலும் மூக்குக்குக் கீழும் பார்வை மறைவு உண்டு. எழும்பும் கணத்தில் வேலியைப் பார்க்க முடியாது, அதற்கு முன் பார்த்து வைத்த கணக்கில்தான் எழும்புகிறது. லேசான கண்புரைகூட அந்தக் கணக்கைக் கெடுக்கும். பிரிட்டனில் தடைகளின் ஆரஞ்சு நிறச் சட்டங்களை வெள்ளைக்கு மாற்றத் தொடங்கியதும் குதிரையின் கண்ணுக்கு ஆரஞ்சு எடுபடுவதில்லை என்ற ஆய்வால்தான்.

பழைய பழக்கத்தை அவிழ்ப்பது

பயிற்சியை ஜூலை, ஆகஸ்டில் தொடங்கினால்தான் அக்டோபர், நவம்பரில் முதல் பந்தயம் பார்க்க முடியும். அவசரப்படும் லாயங்கள் நேராகப் பயிற்சி வேலிக்குக் கொண்டுபோய், நாலு தடவை தாண்டியதும் "பிறவி சேஸ் குதிரை" என்று சொல்லிவிடும். வேகமாக ஓடவிட்டால் எந்தச் சாம்பியனும் நாலு வேலி தாண்டும். ஐந்தாவதில் எட்டுக் கணக்கு தவறி வரும்போது என்ன செய்கிறது என்பதுதான் கேள்வி.

முதல் மூன்று வாரம் தரையில் கிடத்திய கம்புகள் போதும். மிதநடை ஓட்டத்துக்கு 1.3 முதல் 1.4 மீட்டர் இடைவெளி. பார்க்க அலுப்பான வேலை, ஆனால் குதிரை தலையைத் தாழ்த்திக் காலைப் பார்த்து வைக்கக் கற்பது இங்கேதான். அடுத்து ஜாக்கி இல்லாமல், சுற்று வேலி போட்ட ஓடுபாதையில் மரத்தடிகளைத் தாண்டவிடுவது. உயரம் 60 முதல் 75 சென்டிமீட்டர். முதுகில் ஆள் இல்லாதபோது தவறைத் தானே திருத்திக்கொள்ளும். தடி உருளக்கூடாது, சாயக்கூடாது. தட்டினால் தட்டியது தெரிய வேண்டும். ஹர்டில் மறைத்து வைத்த பாடம் அதுதான். குழாயும் பிளாஸ்டிக்குமாகக் கட்டி வைத்தால் பழைய பழக்கத்துக்கே தீனி போடுகிறீர்கள்.

பிறகு சிறு தடைகள் மூன்றை வரிசையாக, 3 முதல் 3.5 மீட்டர் இடைவெளியில் வையுங்கள். நடுவில் எட்டு வைக்க இடமிருக்காது. இறங்கிய உடனே மீண்டும் எழும்ப வேண்டும். நீட்டித் தாண்டும் குதிரை இரண்டாவது தடையிலேயே நெருங்கிப்போய்த் தட்டும். இரண்டு மூன்று நாளில் பின்னங்காலை உடலுக்கு அடியில் கொண்டுவந்து உட்கார்ந்து எழும்பத் தொடங்கும். நாம் தேடுவது அந்த அசைவைத்தான். அது வந்தபிறகே மூன்றடி பர்ச் வேலி, பின்பு முழு உயரம், பின்பு இன்னொரு குதிரையைப் பக்கத்தில் ஓடவிட்டு.

எண்ணிக்கையில் கஞ்சத்தனம் வேண்டும். இளம் குதிரை ஒரு வேளையில் இருபது முறை தாண்டலாம். வயதானதற்குப் பத்துப் பன்னிரண்டு, வாரம் இரண்டு நாள், நடுவில் குறைந்தது இரண்டு நாள் இடைவெளி. மற்ற நாள்களில் மேட்டு ஓட்டமோ நீச்சலோ மூச்சுக்குப் போதும். கால் காப்பு உறைகளைப் பயிற்சி முடிந்த நிமிடமே கழற்றுங்கள். உள்ளே தேங்கும் சூடு தசைநாணுக்கு ஆகாது. தீவனத்தில் புல்லும் வைக்கோலும் உடல் எடையில் ஒன்றரை சதவீதத்துக்குக் குறையக்கூடாது: 500 கிலோ குதிரைக்கு நாளொன்றுக்கு உலர்நிலையில் ஏழரை கிலோ. தேய்ந்த பல்லால் மெல்ல முடியாமல் அந்த அளவு உள்ளே போகாவிட்டால் முதுகுத் தசைதான் முதலில் வற்றும்.

ஜாக்கியும் மாற வேண்டும். ஹர்டிலில் வேகத்தைக் குறைக்காமல் முன்னே சாய்ந்து போன அதே கைகள், வேலிக்கு முன் குதிரையை உட்கார வைக்கவும், இறங்கும்போது பின்னே சாய்ந்து கடிவாளத்தை வழுக்கவிடவும் வேண்டும். எட்டு சரியாக வராத வேலியில் "பற" என்று குதிகாலால் உதைப்பது ஹர்டில் புத்தி. அந்த இடத்தில் கையை அசைக்காமல் குதிரையின் முடிவுக்கு விடுகிறவரே வேண்டும்.

முதல் பந்தயத்துக்குச் சிறிய கூட்டம், ஈரமான தரை, சமமான ஓடுதளம் மூன்றையும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். இறக்கத்தில் வேலி உள்ள செல்டனம் போன்ற இடம் முதல் நாளுக்கு ஆகாது. காய்ந்து கெட்டியான தரை என்றால் எவ்வளவு செலவு செய்து வந்திருந்தாலும் பெயரைத் திரும்பப் பெறுங்கள். ஓட்டம் முடிந்து ஏழாம் நாள் வாக்கில் இரண்டு முன்னங்கால்களையும் மறுபடி அல்ட்ராசவுண்டு எடுக்க வேண்டும். கிழிசல் அன்றே முழுதாகத் தெரிவதில்லை.

முதல் மூன்று பந்தயங்களில் இரண்டு முறை விழுந்தாலோ, விழாமலே ஒவ்வொரு வேலியிலும் தயங்கினாலோ, நான்காவது வாய்ப்பு தர வேண்டியதில்லை. ஹர்டிலுக்குத் திரும்புவது தோல்வியும் அல்ல. பிக் பக்ஸ் என்ற குதிரை 2008இல் நியூபரியில் கடைசி வேலியில் ஜாக்கியைக் கீழே தள்ளியது. ஹர்டிலுக்கு அனுப்பினார்கள், தொடர்ந்து 18 பந்தயம் வென்றது, அதில் வேர்ல்ட் ஹர்டில் மட்டும் நான்கு. ப்யூவேர் டேர் 2016-17 பருவத்தில் சேஸ் வென்றுகொண்டிருந்தபோதே திருப்பப்பட்டு, அதே பருவத்தில் சாம்பியன் ஹர்டிலை வென்றது. இரண்டும் அப்போது இளம் குதிரைகள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். திருப்பும்போது இரண்டு வாரம் ஹர்டிலில் மறுபடி பழக்க வேண்டும். வேலியில் பழகிய குதிரை தேவைக்கு மேல் உயர எழும்பி, ஒவ்வொரு ஹர்டிலிலும் அரைக் குதிரை நீளம் இழந்துகொண்டே போகும்.