டர்பன் ஈரக்காற்றும் பிரிந்துபோகும் கலவையும்: கரிம அரைக்கடத்திப் படலம் செய்பவர்கள் கவனத்துக்கு

"ஆய்வுக் கட்டுரையில் போட்டிருக்கிறபடியே செய்தோம், படலம் மங்கலாகத்தான் வருகிறது." கோடை மாதங்களில் தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கத்தில், சூரிய மின்கலத்துக்குக் கரிம அரைக்கடத்திப் படலம் செய்யும் ஆய்வகங்களில் அடிக்கடி கேட்கும் புலம்பல் இது. உடனே பொருள் மட்டம் என்று சொல்லிவிடுகிறோம். பாட்டிலை மாற்றும் முன் படலத்தை நுண்ணோக்கியில் வைத்துப் பாருங்கள். மங்கல் இரண்டு வகை.

கரைசலைச் சுழலும் தட்டில் விட்டுப் படலமாக்கும் கோட்டிங் முடிந்த கையோடு, சில மைக்ரான் அகலத்தில் வட்ட வட்டமான குழிகள் தெரிந்தால் அது தண்ணீரின் வேலை. கரைப்பானான குளோரோபாரம் 61 டிகிரி செல்சியஸில் கொதிப்பது. நிமிடத்துக்கு 3000 சுற்று வேகத்தில் சட்டென்று ஆவியாகும்போது படலத்தின் மேற்பரப்பைக் குளிர்வித்துவிடும். 25 டிகிரி, 80 சதவீத ஈரப்பதம் உள்ள அறையில் பனிநிலை, அதாவது காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, 21 டிகிரிக்குச் சற்று மேலேதான். நாலைந்து டிகிரி குளிர்ந்தாலே காற்றிலுள்ள நீர் படலத்தில் துளித்துளியாகப் படியும். அது காய்ந்த தடம்தான் குழி. கோட்டரை உலர் நைட்ரஜன் பெட்டிக்குள் வைத்தால் தொல்லை தீரும்.

சூடாக்கும் முன் படலம் தெளிவாக இருந்து, சூடாக்கிய பிறகு ஊசியாகவோ விசிறியாகவோ ஏதாவது முளைத்தால் அது வேறு கதை: கலவையே பிரிகிறது. பி3எச்டி (P3HT) என்ற பாலிமரோடு, எலக்ட்ரான் ஏற்பியான பிசிபிஎம் (PCBM) என்ற சிறுமூலக்கூறைச் சேர்த்த படலத்தை 150 டிகிரியில் நெடுநேரம் விட்டால் பல மைக்ரான் நீளத்துக்குப் பிசிபிஎம் படிகங்கள் வளரும். ஒவ்வொரு படிகத்தையும் சுற்றி வெளிறிய வளையம் ஒன்று இருக்கும். அங்கிருந்த பிசிபிஎம் முழுக்கப் படிகத்துக்குள் போய்விட்டது என்று அர்த்தம். அந்த வளையத்தில் எலக்ட்ரானுக்கு வழியே இல்லை.

ஏன் பிரிகிறது? சிறுமூலக்கூறுகள் தமக்குள் கலக்கும்போது ஒழுங்கின்மை நிறையக் கூடும், அதுவே கலவையைப் பிடித்து வைக்கும். பாலிமர் நீண்ட சங்கிலி. அதன் பங்கு மிகக் குறைவு. ஆகவே இரண்டுக்கும் சிறிய ஒவ்வாமை இருந்தாலே பிரிவு தொடங்கும். சங்கிலி நீள நீள இந்தச் சகிப்பு இன்னும் குறையும். "அதே பாலிமர்தானே" என்று புதிய பாட்ச்சை எடுத்துப் போட்டால் படலம் மாறுவது இதனால்தான். மூலக்கூறு எடை எழுதாத பாலிமர் பாட்டிலை நான் வாங்கவே மாட்டேன்.

முழுக்கக் கலந்தே இருந்தாலும் பயனில்லை. ஒளியால் பிறக்கும் எக்ஸைட்டான் (எலக்ட்ரானும் துளையும் பிணைந்த ஜோடி) 10 நானோமீட்டர் அளவுக்குத்தான் நகரும், அதற்குள் இரண்டு பொருளும் சந்திக்கும் எல்லை ஒன்று வேண்டும். பிரிந்த மின்னூட்டங்கள் வெளியேறத் தொடர்ச்சியான பாதையும் வேண்டும். பாலிமர் நிறைந்த பகுதியில் ஏற்பியின் பங்கு சுமார் 20 சதவீதத்துக்குக் கீழே போனால் எலக்ட்ரான் தனித்தனித் தீவுகளில் மாட்டிக்கொள்ளும். பி3எச்டி, பிசிபிஎம் ஜோடிக்கு 2008இல் வெளியான கட்ட வரைபடத்தில் யூடெக்டிக் புள்ளி (கலவை மிகக் குறைந்த வெப்பநிலையில் உருகும் விகிதம்) எடையில் 65 சதவீதம் பி3எச்டி, 205 டிகிரி. நல்ல சூரிய மின்கலமோ 50 முதல் 60 சதவீதம் பி3எச்டியில், அதாவது பிசிபிஎம் கொஞ்சம் தூக்கலாக இருக்கும் இடத்தில் கிடைக்கிறது.

கரைப்பானை மாற்றினால் ஈரத் தொல்லை போகும் என்று குளோரோபென்சீனுக்குத் தாவுகிறவர்கள் உண்டு. 132 டிகிரியில் கொதிப்பது, மெதுவாகக் காயும், குளிர்ச்சி குறையும், சரிதான். ஆனால் காயும் நேரம் கூடினால் பிரிவுக்கும் நேரம் கூடும். நெய் மெதுவாக ஆறினால் மணல் மணலாக உறைவதில்லையா, அதேதான். கரைதிறனும் சேர்ந்து மாறும். 2001இல் வந்த முடிவைப் பாருங்கள்: ஒரே பாலிமர், ஒரே பிசிபிஎம், டொலுயீனில் ஒளியை மின்சாரமாக்கும் திறன் 0.9 சதவீதம், குளோரோபென்சீனில் 2.5. டொலுயீனில் பிசிபிஎம் சரியாகக் கரையாமல் பெரிய திட்டுகளாகக் கட்டிக்கொண்டதே காரணம்.

பிஎம்6 (PM6) பாலிமர், ஒய்6 (Y6) ஏற்பி ஜோடிக்கு வழக்கமான செய்முறை: 1க்கு 1.2 விகிதம், மொத்தம் மில்லிலிட்டருக்கு 16 மில்லிகிராம், குளோரோபாரம், அதில் 0.5 சதவீதம் குளோரோநாப்தலீன் என்ற சேர்க்கை, பிறகு 110 டிகிரியில் 10 நிமிடம். இந்த எண்கள் கடல் மட்டத்து உலர் பெட்டிக்கானவை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜோஹன்னஸ்பர்க் சுமார் 1750 மீட்டர் உயரம். அங்கே குளோரோபாரம் 55 டிகிரி வாக்கிலேயே கொதிக்கும், படலம் இன்னும் சீக்கிரம் காயும். டர்பனில் பிடித்த சுற்று வேகத்தை அங்கே அப்படியே எடுத்துப் போகாதீர்கள்.

லோட் ஷெடிங் நேரம் தனி. 140 டிகிரியில் 10 நிமிட அனீலிங் (படலத்தைச் சூடாக்கிப் பதப்படுத்துவது), நான்காவது நிமிடம் கரண்ட் போகிறது. ஹாட் பிளேட் உடனே ஆறாது. படலம் இடைப்பட்ட வெப்பநிலைகளில் கிடந்தபடி படிகம் வளர்த்துக்கொண்டே இருக்கும். கரண்ட் வந்ததும் "மீதி ஆறு நிமிடம்" வைக்கிற பழக்கம் வேண்டாம். போனதும் படலத்தை எடுத்து ஆறிய உலோகத் தட்டில் வையுங்கள், அந்தத் தொகுதியைத் தனியாகக் குறித்துவிடுங்கள். ஹாட் பிளேட்டுக்கு யுபிஎஸ் போட முடிந்தால் போட்டுவிடுவது நல்லது.

பலரும் கோட்டை விடுவது அதற்கப்புறம்தான். முதல் நாள் திறன் நன்றாக வந்தால் கலவை நிலைத்துவிட்டது என்று நினைக்கிறோம். பி3எச்டியின் கண்ணாடி மாற்ற வெப்பநிலை, அதாவது இறுகிய சங்கிலிகள் நகரத் தொடங்கும் வெப்பநிலை, 12 டிகிரி அளவில். சரிபாதி பிசிபிஎம் சேர்த்தாலும் 40 டிகிரி வாக்கில்தான் நிற்கும். கூரை மேல் வெயிலில் கிடக்கும் பலகை 60 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். அதாவது மதிய நேரம் முழுக்க மூலக்கூறுகள் நகர்ந்துகொண்டிருக்கின்றன. இருட்டில், நைட்ரஜனில், 85 டிகிரியில் சில நாள் வைத்துத் திரும்ப அளக்காமல் எந்தக் கலவையையும் "நிலையானது" என்று எழுத வேண்டாம்.

டிஎஸ்சி (DSC, சூடேற்றும்போது பொருள் வாங்கும் வெப்பத்தை அளக்கும் சோதனை) எடுக்கும்போது ஒரு எச்சரிக்கை. துளித்துக் காயவைத்த கலவை 3 முதல் 5 மில்லிகிராம், நிமிடத்துக்கு 10 டிகிரி. முதல் சூடேற்றத்தில் நீங்கள் காயவைத்த முறையின் தடம் தெரியும். இரண்டாவதில்தான் பொருளின் இயல்பு. இரண்டையும் குழப்பி எழுதிய அறிக்கைகள் நிறைய. இந்த வகைப் பாலிமர்களில் கண்ணாடி மாற்றம் வரைகோட்டில் காட்டும் படிக்கட்டு போன்ற ஏற்றம் மிகச் சன்னமாக இருக்கும். வரைபடத்தில் தெரியவில்லை என்பதால் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள்.